கோட்டயத்திலிருந்து நாகர்கோவில்வரை: சுந்தர ராமசாமியின் இரண்டு மொழிகள் வழியே ஐந்து நாள்

நாள் 1: கோட்டயம்

எழுத்தாளர் சுந்தர ராமசாமியை (சு.ரா.) தேடிக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நேராக நாகர்கோவிலில் போய் இறங்குகிறார்கள். அவர் பிறந்தது அங்கேதான், தழுவிய மகாதேவர் கோவில் பகுதியில், 1931 மே 30 அன்று. ஆனால் நினைவில் தங்கும் வயதின் முதல் பகுதி கோட்டயத்தில் கழிந்தது. தந்தையின் தொழில் அங்கே இருந்தது. 1939-இல்தான் குடும்பம் நாகர்கோவிலுக்குத் திரும்பியது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், எழுத்தென்று கற்றதும் மலையாளம். தமிழை எழுதப் படிக்கக் கற்றபோது அவருக்கு வயது 18. தமிழின் மிகக் கவனமான உரைநடைக்காரர்களில் ஒருவருக்கு வாலிபத்தில்தான் தமிழ் எழுத்து கைவந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பயணத்தைக் கோட்டயத்தில் தொடங்குகிறோம்.

வடக்கிலிருந்து தெற்கே வரும் இந்த வழியில் அவருடைய நாவல்கள் தலைகீழ் வரிசையில் வரும். கோட்டயம் கடைசி நாவலின் இடம்: ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’, 1998. நடுவில் வருவது 1981-இல் வந்த ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’. நாகர்கோவிலில் காத்திருப்பது 1966-இல் வெளியான முதல் நாவல் ‘ஒரு புளியமரத்தின் கதை’. மூன்று நாவல்களுக்கும் நடுவே 15 வருஷம், 17 வருஷம். அவசரப்படாத மனிதர். பயணத்தில் படித்துக்கொள்ளலாம் என்று ‘குழந்தைகள் பெண்கள் ஆண்க’ளை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம். பெரிய நாவல். ஒரு மாதம் முன்பே படிக்கத் தொடங்கி, குறித்துவைத்த பக்கங்களோடு வந்தால்தான் பலன்.

நாவல் நடக்கும் காலம் 1937 முதல் 1939 வரை. கோட்டயத்தில் தெரு தெருவாக நடப்பதற்கு முன் அந்த மூன்று வருஷங்களின் செய்திகளைத் தெரிந்துகொள்வது நல்லது. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது 1936 நவம்பர் 12-இல். திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் பதவியேற்றதும் அதே வருஷம். 1938-இல் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் உருவாகிறது. அதே 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி முறிகிறது, கோட்டயத்தின் மலையாள மனோரமா நாளிதழுக்குப் பூட்டு விழுகிறது. பத்திரிகை மறுபடி வந்தது 1947-இல். ஊரே இப்படிக் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்களைச் சு.ரா. ஒரு வீட்டுக்குள்ளிருந்து, பாலு என்ற குழந்தையின் உயரத்தில் நின்று பார்க்கிறார். இந்தத் தேதிகள் தெரிந்த பிறகு படித்தால், பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் பேச்சுகள் வேறாகக் கேட்கும்.

இன்று பார்க்கவேண்டியவை அதிகமில்லை. 1817-இல் தொடங்கிய சி.எம்.எஸ். கல்லூரி. பெஞ்சமின் பெய்லி மலையாள எழுத்தை அச்சில் வார்த்த சி.எம்.எஸ். அச்சகம். திருநக்கரை மகாதேவர் கோவில். பிற்பகலை எழுத்தாளர்களே கூடி 1945-இல் தொடங்கிய சாகித்ய பிரவர்த்தக சககரண சங்கத்துக்கு ஒதுக்குங்கள். எழுத்தாளர்கள் கூட்டுறவு வைத்துத் தங்கள் புத்தகங்களைத் தாங்களே வெளியிட்டு, உரிமைத்தொகையைத் தாங்களே தீர்மானித்த ஊர் இது. மூன்று வருஷம் கழித்து, 1948-இல், தமிழின் மிகப் பெரிய சிறுகதைக்காரர் புதுமைப்பித்தன் காசநோயோடும் கடனோடும் செத்தார். இந்த வித்தியாசத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுதியதால்தான் ‘ஜே.ஜே’யில் தமிழ்ச் சூழல்மேல் அவ்வளவு கோபம்.

ஒரு எச்சரிக்கை. நாவலில் வரும் வீட்டைக் கோட்டயத்தில் தேடவேண்டாம். ஒவ்வொரு பழைய ஓட்டு வீட்டின் முன்னும் நின்று இதுவாக இருக்குமோ என்று யோசிப்பதிலேயே பொழுது போய்விடும்.

நாள் 2: கோட்டயம் – ஆலப்புழை – தகழி

காலையில் கோடிமதா படகுத்துறை. மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகு ஆலப்புழை போய்ச் சேரச் சுமார் இரண்டரை மணிநேரம். முந்தின நாளே துறையில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்: ஆகாயத்தாமரை மண்டினாலோ வழியில் உள்ள தூக்குப்பாலங்கள் மக்கர் செய்தாலோ படகு ஊருக்குள் வராது, தள்ளியிருக்கும் வேறு துறைக்குப் போய் ஏறவேண்டியிருக்கும். ஆலப்புழைத் துறையில் இறங்கினால் பேருந்து நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

படகில் வரும் நேரத்தில் ஒன்றைக் கவனியுங்கள். 1939-இல் கோட்டயத்துக்கு ரயில் கிடையாது. எர்ணாகுளத்திலிருந்து பாதை வந்தது 1956-இல், கொல்லத்தோடு இணைந்தது 1958-இல். நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததோ 1979-இல்தான். சு.ரா. குடும்பம் ஊர் மாறிய காலத்தில் இரண்டு முனையிலும் தண்டவாளம் இல்லை. நீர்வழியும் சாலையும்தான். திருவிதாங்கூர் அரசு பேருந்து விடத் தொடங்கியதே 1938 பிப்ரவரியில்.

ஆலப்புழைக்கு வருவதன் காரணம் தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-இல் வெளியிட்ட ‘தோட்டியுடெ மகன்’. இந்த ஊரின் மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். சு.ரா. அதை 1950-களின் தொடக்கத்திலேயே ‘தோட்டியின் மகன்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டார்; நூலாக வர 2000 ஆயிற்று. நாவலின் மையத்தில் நிற்பவனின் பெயர் சுடலைமுத்து. அவன் அப்பன் இசக்கிமுத்து. சுடலைமாடனும் இசக்கியம்மனும் நெல்லை, குமரிப் பக்கத்துச் சாமிகள். தெற்கேயிருந்து பிழைக்க வந்து, ஆலப்புழையில் யாரும் தொடாத வேலையைச் செய்த தமிழர்களை ஒரு மலையாளி மலையாளத்தில் எழுதுகிறார். அந்தச் சாமிகளின் நாட்டில் வளரும் இளைஞர் ஒருவர் அவர்களைத் திரும்பத் தமிழுக்குள் கூட்டி வருகிறார். மொழிபெயர்ப்பு என்ற சொல் இதற்குப் போதவில்லை.

இந்த வேலையில் எங்கே சிக்கல் என்பதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். மலையாள வினைச்சொல்லில் ஆண், பெண், மரியாதை எதுவும் தெரியாது. ‘வந்நு’ என்றால் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தார்கள் எல்லாமே. தகழி ‘இசக்கிமுத்து வந்நு’ என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். தமிழில் எழுதுகிறவர் அந்த இடத்தில் நின்றாக வேண்டும். கிழவனை ‘வந்தான்’ என்பதா, ‘வந்தார்’ என்பதா? ‘வந்தான்’ என்றால் ஊர் அவனை எந்த இடத்தில் வைத்திருக்கிறதோ அந்த இடத்திலேயே கதைசொல்லியும் நின்றுவிடுகிறான். ‘வந்தார்’ என்றால் அந்தத் தெருவில் யார் வாயிலும் வராத மரியாதை ஒன்று வாக்கியத்தில் ஏறிக்கொள்கிறது. சுடலைமுத்துவின் மகனுக்கு மோகனன் என்று பெயர் வைப்பதே ஒரு ஆசை. அவனுக்கு எந்த விகுதி? மலையாளத்தில் எழாத இந்தக் கேள்வி தமிழில் ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கு முன்னாலும் எழுகிறது.

மலையாளம் எழுத்துக்கூட்டத் தெரிந்தவர்கள் இரண்டு நூல்களையும் எடுத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தில் பத்து வினைமுற்றுகளைப் பென்சிலால் குறியுங்கள். மலையாளத்தில் பத்தும் ஒரே மாதிரி முடியும். தமிழில் யாருக்கு எந்த விகுதி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அரை மணிநேர வேலை. சு.ரா.வின் வாக்கியம் ஏன் இவ்வளவு நிதானம் என்பதற்கு விமர்சனக் கட்டுரைகள் தராத விடை அதில் கிடைக்கும்.

எழுத்திலும் கணக்கு உண்டு. மலையாளத்தில் கற்றவருக்கு ர, ற குழப்பம் வராது. பேச்சிலேயே இரண்டையும் பிரித்துச் சொல்கிறார்கள். ழகரமும் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது. மாட்டிக்கொள்வது ந, ன-வில். அங்கே இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து. தமிழில் எந்த இடத்தில் எது என்பதை விதியாகக் கற்றாக வேண்டும். போதாக்குறைக்கு, க, ச, ட, த, ப வரிசைகளில் மலையாளம் நான்கு நான்கு எழுத்து கொடுத்திருக்கிறது. தமிழ் ஒன்றுதான் கொடுக்கும், ஒலியை நீயே கண்டுபிடித்துக்கொள் என்னும். ஐந்து வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் தானாக வந்துவிடும். 18 வயதில் ஒவ்வொன்றையும் தெரிந்தே கற்கவேண்டும்.

மதியத்துக்கு மேல் அம்பலப்புழை போய், திருவல்லா சாலையில் கிழக்கே திரும்பினால் தகழி. எழுத்தாளரின் வீடான சங்கரமங்கலம் இப்போது நினைவிடம். திறப்பு நேரத்தை ஆலப்புழையிலேயே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பும்போது அம்பலப்புழைக்குத் தெற்கே புறக்காட்டுக் கடற்கரை. ‘செம்மீன்’ பிறந்த கரை. 1956-இல் வந்த அந்த நாவலையும் சு.ரா.தான் சாகித்திய அகாதெமிக்காக மொழிபெயர்த்தார்; தமிழில் வந்தது 1962. கடலோரப் பேச்சு பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே இடமில்லை.

நாள் 3: ஆலப்புழை – திருவனந்தபுரம்

காலை ரயில், காயங்குளம், கொல்லம் வழி. சுமார் மூன்று மணிநேரம். ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ படிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. முழுவதும் முடியாது, முதல் பகுதி முடியும்.

ஜோசஃப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளன். கற்பனைப் பாத்திரம். அவன் இறந்த நாளாக நாவல் தருவது 1960 ஜனவரி 5. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு கார் விபத்தில் செத்ததற்கு மறுநாள். அவனைப் பற்றி எழுதுகிறவன் பாலு, தமிழ் எழுத்தாளன். முன்பாதி பாலுவின் தேடல், பின்பாதி ஜே.ஜே.யின் நாட்குறிப்பு. நாடகாசிரியர் சி.ஜே. தாமஸின் சாயல் ஜே.ஜே.யிடம் உண்டு என்று வாசகர்கள் வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். அவர் பிறந்தது 1918-இல், கோட்டயத்துக்கு வடக்கே கூத்தாட்டுக்குளத்தில், இறந்தது 1960-இல். சாயல் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நிஜ மனிதரைத் தேடும் விளையாட்டில் இறங்கினால் நாவல் கிசுகிசுவாகிவிடும். பலருக்கு அப்படி ஆகியிருக்கிறது.

கவனிக்கவேண்டியது வேறு. ஒரு தமிழ் நாவலின் நாயகன் மலையாள எழுத்தாளன். பாலு மூலமாகத் தமிழ் வாசகன் பக்கத்து வீட்டைப் பார்க்கிறான், பார்த்துவிட்டுத் தன் வீட்டைப் பார்க்கிறான். ஒரு மொழி மட்டும் தெரிந்தவரால் இந்தக் கோணத்தில் நாற்காலி போட்டிருக்க முடியாது. பிறகு ஆற்றூர் ரவிவர்மா இதை மலையாளத்துக்குக் கொண்டுபோனார். ‘புளியமர’த்தையும் அவர்தான். பாலு ஜே.ஜே.யைப் பிரியத்தோடு ‘அவன்’ என்றே சொல்கிறான். மலையாள வினைமுற்றில் அந்த ‘-ஆன்’ உதிர்ந்துவிடும். நேற்று ஆலப்புழையில் பார்த்ததன் மறுபக்கம்.

திருவனந்தபுரத்தில் இறங்கியதும் ஒரு தேதி. புதுமைப்பித்தன் இறந்தது இந்த ஊரில், 1948 ஜூன் 30. அப்போது சு.ரா.வுக்கு 17 வயது. தமிழ் எழுத்து இன்னும் கைவரவில்லை. தன்னை எழுத்தாளனாக்கியவரை அவர் உயிரோடு இருந்தபோது படித்திருக்கவே முடியாது. 1951-இல் புதுமைப்பித்தன் நினைவு மலரைத் தானே வெளியிடுகிறார். தன் முதல் கதை ‘முதலும் முடிவும்’ அதில்தான் வருகிறது. தமிழில் எழுதப் படிக்கக் கற்று இரண்டே வருஷம். இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டாலும் வியப்பு தீர்வதில்லை.

மாலையில் சாலை பஜார். ஆ. மாதவன் கடை வைத்திருந்த தெரு. அவர் கதைகளின் தெருவும் அதுவே. மலையாள நகரத்தில் இருந்துகொண்டு தமிழில் எழுதினார், வியாபாரமும் செய்தார். சு.ரா.வும் நாகர்கோவிலில் ஜவுளிக்கடைக்காரர். கூட்டத்தில் நின்று பத்து நிமிஷம் காதைக் கொடுங்கள். ஒரே வியாபாரி அடுத்தடுத்து வரும் இரண்டு பேரிடம் இரண்டு மொழியில் விலை சொல்வதைக் கேட்கலாம்.

நாள் 4: நாகர்கோவில்

ஏறுவதற்கு முன் ரயில் எந்த நிலையத்தில் நிற்கும் என்று பாருங்கள். நாகர்கோவிலுக்கு இரண்டு நிலையங்கள். ஜங்ஷன் கோட்டாறு பக்கம், டவுன் வடசேரி பக்கம். திருநெல்வேலி போகும் சில வண்டிகள் ஜங்ஷனைத் தொடாமல் டவுன் வழியாகவே போய்விடும். ஜங்ஷன் வரும் என்று உட்கார்ந்திருந்தால் அடுத்த ஊரில்தான் விழிப்பீர்கள்.

பாறசாலை தாண்டியதும் பலகைகளில் மலையாளம் குறையும். எல்லைக்கோடு விழுந்தது 1956 நவம்பர் 1. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. சு.ரா.வுக்கு அப்போது 25 வயது. ஊர் நகரவில்லை, மாநிலம் மாறியது. காது மட்டும் எல்லையை மதிக்காது. நினைவைக் குறிக்கும் ‘ஓர்மை’ இங்கேயும் உண்டு. மரத்தடி இங்கேயும் ‘மூடு’தான். திருவனந்தபுரத்தில் புளிமூடு, நாகர்கோவிலில் வேப்பமூடு.

‘ஒரு புளியமரத்தின் கதை’யை நெஞ்சில் வைத்திருப்பவர்கள் எல்லாரும் வந்து நிற்கும் இடம் வேப்பமூடு சந்திப்பு. வந்ததும் மரத்தைத் தேடுகிறார்கள். நாவலிலேயே அந்த மரம் மிஞ்சவில்லை என்பது இங்கே வந்து நின்றதும் பலருக்கு மறந்துபோகிறது. கட்சிப் பகையும் வியாபாரப் பகையும் சேர்ந்து அதற்கு நஞ்சு வைத்துப் பட்டுப்போகச் செய்கின்றன. அந்த மரம் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை, நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். பட்டுப்போன பிறகும் ஊர்க்காரர்கள் வாயில் இடத்தின் பெயராக மரம் நிற்கிறது. ஆகவே செய்யவேண்டிய வேலை, மரத்தைத் தேடாமல் பெயர்களைக் கேட்பது. எந்த மரம் இருந்து எந்த இடத்துக்குப் பெயர் வந்தது, எந்தக் குளம் தூர்ந்தது, எந்தத் தோப்பு போனது என்று டீக்கடையில் உள்ள வயதானவர்களைக் கேளுங்கள். ‘அண்ணாச்சி’ என்று தொடங்கினால் பேச்சு எளிதில் விழும். ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுப்பார். நாவலின் முன்பாதியில் தாமோதர ஆசான் கதை சொல்லும் முறையும் இதுதான்: கேட்டவர்கள் சொன்னது, சொன்னதை நம்பாதவர்கள் சொன்னது.

ஆசானின் கதைகளில் மன்னர் வருகையையொட்டி ஊர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் ஒரு பகுதி உண்டு. அதைப் படித்துவிட்டு மணிமேடைக்கு நடங்கள். அந்த மணிக்கூண்டு 1893-இல், மூலம் திருநாள் மன்னரின் காலத்தில் எழுந்தது. நாவலில் ஆசான் பாதியில் காணாமல் போவார். அதற்குப் பின் கதையைச் சொல்வது அடுத்த தலைமுறை, மொழியும் மாறும். காற்றாடி மரத் தோப்பு வெட்டப்பட்டுப் பூங்காவாகும். தேர்தல் வரும், செய்தித்தாள் வரும், இசக்கி என்று ஒரு நிருபர் வருவார். அந்தப் பெயரை ஆலப்புழையில் நகராட்சிக் கழிவண்டியோடு பார்த்தோம்; இங்கே அது பேனா பிடித்திருக்கிறது.

விஜயபாஸ்கரனின் ‘சரஸ்வதி’ இதழில் இந்த நாவலின் ஒரு பகுதி 1959-இல் வந்தது. முழு நூல் 1966. ‘எழுத்து’ இதழில் பசுவய்யா என்ற பெயரில் கவிதை எழுதத் தொடங்கியதும் 1959-இல். நாவல் வந்த பிறகு நெடுநாள் மௌனம்; மறுபடி எழுத 1973 ஆயிற்று. அந்த மௌனத்துக்குப் பலர் பல காரணம் சொல்வார்கள். கடையும் குடும்பமும் நடத்திக்கொண்டு, ஒரு சொல் சரியில்லை என்றால் பக்கத்தையே போட்டுவிடும் மனிதர் என்பதே போதுமான காரணமாகப் படுகிறது.

நாள் 5: கே.பி. சாலை, பூதப்பாண்டி

காலையில் கே.பி. சாலையில் உள்ள காலச்சுவடு பதிப்பகம். ‘காலச்சுவடு’ இதழைச் சு.ரா. தொடங்கியது 1988-இல். வேலைநாளில் போங்கள். புத்தகம் வாங்குவதானால் மூன்று நாவல்களில் கையில் இல்லாததையும் ‘தோட்டியின் மக’னையும் வாங்குங்கள். ‘காகங்கள்’ என்ற பெயரில் நண்பர்கள் கூடிப் படைப்புகளை வாசித்துப் பேசிய கூட்டங்கள் நடந்தது அவர் வீட்டில். அவர் காலமானது 2005 அக்டோபரில், அமெரிக்காவில்.

பிற்பகல் பேருந்தில் பூதப்பாண்டி. பத்துக் கிலோமீட்டர்போல. மலைகள் நெருங்கி வரும், இரு பக்கமும் வயல். ப. ஜீவானந்தம் 1907-இல் பிறந்த ஊர். தனித்தமிழ்ப் பற்றில் தன் பெயரையே உயிர் இன்பன் என்று ஒரு காலத்தில் மாற்றிக்கொண்டவர், பிறகு கம்யூனிஸ்ட் மேடைகளில் இரைந்தவர். 1963 ஜனவரியில் அவர் இறந்தபோது சு.ரா. எழுதிய கட்டுரை ‘காற்றில் கலந்த பேரோசை’. ஏறும்போது அதன் பிரதி கையில் இருக்கட்டும். சிறியது, பூதப்பாண்டி வருவதற்குள் முடித்துவிடலாம். ஆலப்புழையில் கணக்கிட்ட வினைமுற்றுகளை இதிலும் பாருங்கள். ஒரு மனிதரின் பேச்சைப் பற்றிய கட்டுரை இது. எழுதியவர் அந்தப் பேச்சின் மொழியைப் படிக்கத் தொடங்கி அப்போது 14 வருஷம் ஆகியிருந்தது.

வடசேரிக்குத் திரும்பப் பேருந்து அடிக்கடி உண்டு. இருட்டுவதற்கு முன் கிளம்பினால், வரும் வழியில் தாடகைமலை நன்றாகத் தெரியும்.